செண்பகம் வீட்டு எறும்புகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, தென்காசிச் செண்பகம் வீட்டு எறும்புகளின் கதையைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பழக்கி, டப்பாவில் போட்டுக் கொடுக்கும் அந்த எறும்புகளுக்குப் புற்றுநோயின் வாசனை தெரியும். தட்டில் விட்ட சிறுநீர்த் துளியை அவை மொய்த்தால், நோய் திரும்பிவிட்டது என்று பொருள். சிகிச்சை முடிந்து வந்த கணவர் தளவாயின் துளியைத் தட்டில் விட்டு, செண்பகம் டப்பாவைத் திறந்தாள். எறும்புகள் சாரை சாரையாகத் துளி இருந்த அவர் பக்கமே ஓடின. அவள் அழத் தொடங்கினாள்.

"அழாத செண்பகம், பாத்துக்கலாம்" என்றார் தளவாய்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். எறும்புகள் துளியைச் சீண்டவே இல்லை. அதைத் தாண்டி, தட்டில் ஊன்றியிருந்த அவர் கைவழியாகச் சட்டைப்பைக்குள் ஏறிக்கொண்டிருந்தன.

"பையில என்னங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான்... பக்கத்து வீட்டு அதிரசம்."

"துளியை ஒண்ணுகூடத் தொடலங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் செண்பகம். அழுகையும் சிரிப்புமாக அதிரசத்தைப் பிட்டு, முதல் துண்டை எறும்புகளுக்கு வைத்தாள், அடுத்ததை அவருக்கு ஊட்டினாள்.

உங்கள் வீட்டுக்கு வரும் எறும்புகளும் என்றைக்கும் இனிப்பைத் தேடியே வரட்டும்.