அறுபதாவது மெஷின்

மதியம் ஒரு மணி. அறுபது தையல் மெஷின்களில் ஐம்பத்தொன்பது நின்றுவிட்டன. அறுபதாவதில் உட்கார்ந்திருந்தவள் பெயர் கத்திரி.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது அவள் நாக்கைப் பார்த்துக் கம்பெனியில் வைத்தது.

"எல்லையில் உயிர்விட்ட நம் வீரர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம்" என்று முதலாளி மைக்கில் சொன்னார். வெளியே வாசல்வரை கேட்டது. எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஆபீஸ் பெண் ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள்.

கடகடவென்று ஓடியது அறுபதாவது மெஷின்.

சூப்பர்வைசர் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார். ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் ஆர்டர் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஒன்றரை மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். வந்ததும் இந்த வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும். அதற்காகக் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார். பேனர் கட்டினார், தரையைத் துடைக்க வைத்தார், வாசல் காவலாளியை ஒழுங்காகச் சட்டை போடச் சொல்லி விரட்டினார். எல்லாவற்றையும் இவள் ஒருத்தி கெடுத்துவிடுவாள் போலிருக்கிறதே!

குனிந்த தலையோடு நகர்ந்து போய் அவள் காதருகே பல்லைக் கடித்தார்.

"நிறுத்தும்மா!"

"சாப்பாட்டு நேரம் சார்."

"மௌன அஞ்சலி நடக்குது. தெரியலையா?"

"தெரியுது. அதனாலதான் நான் வாயைத் திறக்கலை. நீங்கதான் பேசிட்டு இருக்கீங்க."

பக்கத்து மெஷின்காரி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

அவர் ஸ்விட்சை அணைத்தார். அவள் போட்டாள். அவர் மறுபடி அணைத்தார். அவள் மறுபடி போட்டு, ஸ்விட்சின் மேலேயே இடது கையை வைத்துக்கொண்டாள். வலது கையால் மட்டும் துணியைத் தள்ளித் தைத்தாள்.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. மௌனம் முடிந்தது என்றுகூடச் சொல்லாமல் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"நாட்டுக்காக உயிரை விட்டவங்களுக்கு உன்னால ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியாதா?"

"நீங்க ஒதுக்கினீங்களா சார்?"

"என்ன சொன்னே?"

"மெஷின் நிக்கக் கூடாதுன்னு எங்க சாப்பாட்டு நேரத்துலதானே மௌனம் வெச்சீங்க? வீரருங்க உங்க மைக்குக்கு, பசி எங்க வயித்துக்கா? உங்க வேலை நேரத்துல வையுங்க. ரெண்டு நிமிஷம் என்ன, சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன்."

மைக்கில் கேட்டபோது வராத அமைதி இப்போது வந்தது.

"வேலை போயிடும். தெரியுமில்ல?" என்றார் முதலாளி.

"தெரியும் சார். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க, அதுவும் தெரியும். இன்னும் ஒரு ஓரம் பாக்கி இருக்கு. தைச்சு முடிச்சுட்டுப் போறேன்."

சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படி எந்த மகாராஜா வீட்டுத் துணி இது?" என்று மெஷினிலிருந்து வெடுக்கென்று உருவினார்.

நீலச் சட்டை. தோளில் கம்பெனியின் காவலாளிப் பட்டை. இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டி, முனையை மடித்துத் தைத்திருந்தாள். பாதிதான் மூடியிருந்தது.

"வாசல் அண்ணனோட சட்டை" என்றாள் கத்திரி. "அதிகாரிங்க வர்ற நேரத்துல காலிக் கை காத்துல ஆடினா அசிங்கமா இருக்கும், சரிபண்ணு, இல்லேன்னா பின்வாசலுக்குப் போயிடுன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க? வேலை நேரத்துல சொந்தத் தையல் கூடாதுன்னு போர்டு மாட்டினதும் நீங்கதான். எனக்கு வேற எந்த நேரம் இருக்கு?"

சூப்பர்வைசர் மடித்த முனையைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கை எங்கே போச்சுன்னாவது தெரியுமா சார்?"

தெரியும். வேலைக்கு எடுத்ததே அவர்தான். எல்லையில் குண்டு வெடித்ததில் போன கை. கூட இருந்த மூன்று பேர் திரும்பி வரவில்லை. அன்றைக்குக் கேட்டு 'ச்சு' கொட்டியிருக்கிறார். அப்புறம் மறந்துவிட்டார்.

"இப்ப அவர் எங்கே?" என்று கேட்டார்.

"இருக்கிறது இந்த ஒரு யூனிஃபார்ம்தான். பனியனோட எப்படி உள்ளே வருவார்? நீங்களே பாருங்க."

சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாசல் காவல் அறைக்குள், பனியனோடு, அந்த மனுஷர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. ஒற்றைக் கை தொடையோடு ஒட்டியிருந்தது. மௌனம் முடிந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் சட்டையை மெஷினில் வைத்தார். அவரே ஸ்விட்சைப் போட்டார்.

"என்னய்யா பண்றே?" என்று முதலாளி அதட்டினார்.

"ஒரு ஓரம்தான் சார் பாக்கி" என்றார் அவர். "முடியட்டும். அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்பிடுங்க."

ஐம்பத்தொன்பது பேரும் முதலாளியையே பார்த்தார்கள். ஒருத்திகூடச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் அதே நாள், காலை பத்து மணி, வேலை நேரம். கத்திரியுடையதும் சேர்த்து அறுபது மெஷின்களும் நின்றன. முன்வரிசையில், இடது கை மூடித் தைத்த நீலச் சட்டையோடு ஒருவர் நின்றார். அந்த இரண்டு நிமிடம் வாசலில் காவலுக்கு யாரும் இல்லை.