இங்கே ஒரே இரைச்சல்

இதை எனக்கு முதலில் சொன்னவள் நத்ஸுமே. முன்னோர்களை நினைக்கிற ஓபோன் பண்டிகைக்கு முந்தின நாள், போன வருஷம், கோயில் விளக்குகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவள் மகன் தொகுமாவுக்கு நடந்தது.

மட்சுயே ஊரில் அவன் படித்த பள்ளியில் ஹாம் ரேடியோ மன்றம் ஒன்று இருந்தது. மிஞ்சியிருந்தது இரண்டே பேர். தலைவி கிரியே, அப்புறம் இவன்.

அன்று பள்ளி, கல்லூரி மன்றங்களுக்கான போட்டி. வேறு ஊர் மன்றம் ரேடியோவில் குரல் கொடுத்தால், அவர்களுடைய அழைப்புக் குறியை, அதாவது எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளத்தை, கேட்டு எழுதி, நம்முடையதைச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளி. மூச்சு விடுவதற்குள் முடிகிற வேலை.

முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் மன்றத்தை மூடி, அறையை நடனக் குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகப் பொறுப்பாசிரியர் நோட்சு சார் சொல்லியிருந்தார்.

கிரியே தலையில் ஹெட்போன். பக்கத்தில் தொகுமா, கையில் பேனாவோடு. வெளியே விடாத மழை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடியப்போகிற நேரத்தில் அவள் ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்டாள்.

"மன்னிக்கணும், இங்கே ஒரே இரைச்சல். மறுபடி சொல்லுங்க."

தொகுமா காத்திருந்தான்.

"இன்னும் காதுல விழலைங்க. கோளாறு எங்க பக்கம்தான். அவசரமே இல்ல, மெதுவா சொல்லுங்க."

"அவசரம் இல்லையா? அக்கா, போன வருஷம் ரெண்டு புள்ளியிலதான் கோட்டை விட்டோம்!"

அவள் கையால் அவனை அடக்கினாள். "நாகோயா மன்றம், குறுக்கே வராம கொஞ்சம் இருங்க... போறீங்களா? சரி, போங்க. தம்பி, நீங்க உங்க குறியைச் சொல்லுங்க."

"காதுல கடல்பாசி முளைச்சிருக்கா உனக்கு? அவனை விட்டுட்டு அடுத்தவனைப் பிடி அக்கா!"

"சும்மா இருடா."

"நீ மார்ச்சுல படிப்பை முடிச்சுட்டுப் போயிடுவ. ரூம் இல்லாம நடுத்தெருவுல நிக்கப்போறது நான்தானே!"

கிரியே திரும்பவே இல்லை. "இரைச்சல் இன்னும் குறையலைங்க. மறுபடி ஒரு தடவை..."

தொகுமாவுக்குப் பொறுக்கவில்லை. ஹெட்போனை அவள் தலையிலிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்தான்.

துளி இரைச்சல் இல்லை. பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி தெளிவு.

"ஜூ... ஜூ... ஜூ..."

ஒரு பையன். அழைப்புக் குறியின் முதல் எழுத்தைத் தாண்ட முடியாமல் திக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மன்றத்துக்காரர்களே சிரித்தார்கள். "மைக்கை இப்படிக் குடுடா, மானம் போகுது!" என்றது ஒரு குரல்.

"இ... இல்லடா. அ... அங்கேதான் இ... இரைச்சலாம்," என்றான் பையன்.

தொகுமா கிரியேயைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஆமாங்க, இங்கே பேய்மழை. ஒண்ணுமே கேட்கல. நீங்க மெதுவாவே சொல்லுங்க."

பையன் சொல்லி முடித்தான். அதற்குள் போட்டி முடிந்து போயிருந்தது. அந்தப் புள்ளி சேரவில்லை. அறையும் போயிற்று.

"கடைசியில என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று நோட்சு சார் இரைந்தபோது, இரண்டு பேரும் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். காரணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாராவது திக்கிப் பேசினால், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்களே முடிக்கட்டும்.