அசல் சிப்பி

“கிடார் கழுத்துல கீற புள்ளிக்கு பிளாஸ்டிக்கே போட்டுக்கலாம் சார். பாத்தா சிப்பியாட்டமே கீது,” என்றார் முட்டுக்காட்டில் கிடார் வேலை பார்க்கும் ஏகாம்பரம்.

“எனக்கே காது குத்துறியா? அசல் சிப்பி வைக்க முடியாதுன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்,” என்றார் நாவலூரிலிருந்து வந்த ராகவன்.

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கிடாரை வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சிப்பியை அறுத்து, தேய்த்து, கிடாரின் கழுத்தில் பதித்தார்.

வாங்க வந்த ராகவன் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். “இதுதான்யா அசல்.”

ஏகாம்பரம் விடாமல் இருமினார்.

“என்னப்பா இப்படி இருமுற? டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?”

“போன மாசமே காட்டினேன் சார். சீட்டு இங்கதான் கீது.”

ராகவன் வாங்கிப் பார்த்தார். ‘நுரையீரலில் தூசி. இனிமேல் சிப்பி அறுக்கவே கூடாது’ என்று எழுதி, அடிக்கோடிட்டு, கீழே ‘டாக்டர் ராகவன்’ என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.