கல்லீரலுக்குள் ஒரு கூச்சல்

ஒரு கல்லீரலுக்குள்ளே ஒரு தூதுத்துளி இருந்தது. கிருமி வந்தால் கூவி வெள்ளணுச் சிப்பாய்களைக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. ரொம்ப நாளாகக் கிருமியே வரவில்லை. சும்மா இருக்க மாட்டாமல், பக்கத்திலிருந்த கல்லீரல் செல்லைக் காட்டி, "அதோ கிருமி!" என்று கூவிவிட்டது.

சிப்பாய்கள் ஓடிவந்து செல்லை மொத்தினார்கள்.

"ஐயோ அண்ணே, நான் இந்த வீட்டுக்காரன்! பித்தநீர் காய்ச்சிக்கிட்டிருக்கேன்!"

சிப்பாய்கள் அசடு வழிந்தார்கள். "வலிக்குதா தம்பி?"

"நாலு நாள் சும்மா விட்டீங்கன்னா ஆறிடும்."

அவர்கள் போனதும் தூதுத்துளி எட்டிப் பார்த்தது. "அடேயப்பா, எவ்வளவு பெரிய காயம்! அப்ப கிருமி நிஜமாவே வந்திருக்கு!" என்று பதறி, முன்னைவிடச் சத்தமாகக் கூவியது.

"யோவ், இது அவங்க அடிச்ச..."

செல் சொல்லி முடிப்பதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை மாமன் மச்சான்களையும் கூட்டிக்கொண்டு.