பிடியரிசி

தேவாலயத்தில் ஆராதனை முடிந்தும் சபையார் பாயைவிட்டு எழாமல் இருக்கிறார்கள். முதியோருக்குக் கோயில் வளாகத்தில் ஒரு வீடு கட்டி, சாகும்வரை வைத்துப் பார்க்கவேண்டும் என்று செல்வதாஸ் வாத்தியார் உருகிப் பேசி முடிக்கிறார். ஆதரிப்பவர்கள் கையுயர்த்தும்படி போதகர் ஐயர் சொன்னதும் ஓலைவிசிறிகள் ஓய்ந்து கைகள் எழுகின்றன. எல்லாரும் இறக்கிய பிறகும் பெண்கள் பக்கம் ஒரு கை நிற்கிறது. வாத்தியாரின் அம்மா ஞானபாய். ஜன்னல் வெயிலில் மணிக்கட்டு எலும்பு துருத்தித் தெரிகிறது.

"என்னம்மா?"

"ஒண்ணு கேக்கணும் ஐயரே. அங்க சோறு அவியளாப் போடுவாவளா, இல்ல கேட்டுக் கேட்டு வாங்கணுமா?"

செல்வதாஸ் தரையைப் பார்க்கிறார். கிழவிக்குப் பக்கத்தில் அவர் மனைவி ராகேல், ஏழைகளுக்கென்று தினம் ஒரு பிடி ஒதுக்கி நிறைத்த அரிசிப்பெட்டியைச் சேலைத்தலைப்பால் மெல்ல மூடுகிறாள்.