கடைசி இடத்துக்கு ஒரு கபடி

கடைசி இடம் பிடிக்கும் அணிக்குத்தான் அடுத்த ஆண்டின் சிறந்த வீராங்கனை கிடைப்பாள் என்பதால், 2061இல் ஜெயிப்பதை யாரும் விரும்புவதில்லை. மணப்பாறை அணி, தோற்பதற்கென்றே செங்கேணியை ஆறு வருடமாக வேலைக்கு வைத்திருந்தது. இன்று தோற்றால் அந்த வேலை நிரந்தரம்.

கடைசி நிமிடம்; இரு அணியும் சமம். செங்கேணி கபடி பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் நுழைந்தாள். எதிரணிக்கும் தோற்கத்தான் ஆசை. ஏழு பேரும் தாங்களே ஓடிவந்து அவளைத் தொட்டுவிட்டு விலகினார்கள்; மூச்சு விடாமல் அவள் திரும்பிவிட்டால் மணப்பாறைக்கு ஏழு புள்ளி, வெற்றி.

"மூச்ச விட்டுரு தாயி, அவுட்டாயிரலாம்!" பயிற்சியாளர் கத்தினார். அரங்கமே, "விடு! விடு!" என்று ஆர்ப்பரித்தது.

"விடாதம்மா! ஒரே ஒரு தடவ!" எழுந்து நின்று கத்தியவள் மகள் பூவிழி. அம்மா ஜெயித்து அவள் பார்த்ததேயில்லை.

செங்கேணி திரும்பிப் பாய்ந்தாள். "கபடி, கபடி, கபடி!" நடுக்கோட்டைத் தாண்டி, மகளிடம் ஓடிச் சேரும்வரை அவள் பாட்டு நிற்கவேயில்லை.