முதல் குளிர்காலத்தில் உப்பு கூடாது

துவார்த்தே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உரிந்து கிடந்த கான்கிரீட் சில்லு ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

வாசற்படியில் நின்றிருந்த இர்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் வெர்னர் நடைபாதையின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றான். வாசலிலிருந்து ரோடு வரைக்கும், போன செப்டம்பரில் இதே துவார்த்தே போட்டுக் கொடுத்த பாதை. அன்றைக்குக் கண் பட்டுவிடும் போல இருந்தது. இப்போது பனி கரைந்து பார்த்தால், மேல்தோல் பெயர்ந்து ஜல்லி பல்லை இளிக்கிறது. வேலை செய்தவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பதற்காகவே வெர்னர் இன்று லீவு போட்டிருந்தான்.

ஒன்டாரியோவில் கான்கிரீட் போடுகிற எவனும் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான். முதல் குளிர்காலத்தில் மட்டும் ஐஸைக் கரைக்க உப்பு தூவாதீர்கள், மேல்பரப்பு பிய்ந்துகொண்டு வரும், வழுக்கினால் மணல் போடுங்கள். துவார்த்தேயும் சொன்னான். வெர்னருக்கு அது வேதவாக்கு. உப்பு மூட்டையைக் கராஜில் வைத்துப் பூட்டி, சாவியைக் கார்ச் சாவியோடு கோத்துக்கொண்டான்.

மணலும் போடவில்லை. மணல் கீறிவிடுமாம்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில், பழைய கற்பாதையில் வழுக்கி விழுந்து இர்மா மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உனக்காகத்தான் புதுப் பாதை என்றான் வெர்னர். போட்டு முடித்த பிறகு, அதில் அவள் கால் மட்டும்தான் படக்கூடாது. ஐஸ் இருக்கிறவரை வெளியே வராதே என்றான். பால், ரொட்டி, மாத்திரை எல்லாம் அவனே வாங்கி வந்தான். வீட்டில் உனக்கு என்ன குறை என்று கேட்பான்.

ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது.

நவம்பரில் ஒரு நாள், அவன் வேலைக்குப் போனதும் சமையலறை உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். கால் வைக்கிற அகலத்துக்கு மட்டும், ரோடு வரைக்கும் தூவினாள். ஐஸ் இளகியதும் நடந்தாள். திரும்பி வந்து, சாயங்காலம் அவன் வருவதற்குள் பக்கத்துப் பனியைத் துடைப்பத்தால் தள்ளி அதை மூடினாள். கடுங்குளிர் நாட்களில் உப்பும் வேலை செய்யாது, அன்றெல்லாம் ஜன்னலோடு சரி. மற்ற நாட்களில் இதுவே வேலை. உப்பு தீர்ந்தபோது, முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போட வேண்டும் என்றாள். வெர்னரே வாங்கி வந்து கொடுத்தான். முட்டைக்கோஸ் எங்கே என்று கேட்கவில்லை.

துவார்த்தே சில்லைத் துப்பினான்.

பெயர்ந்த இடங்களைக் கண்ணால் தொடர்ந்து போனான். பாதை முழுக்கப் பெயரவில்லை. வாசற்படியில் தொடங்கி ரோடு வரைக்கும் ஒற்றையடிப் பாதை போல ஒரு தடம் மட்டும் பெயர்ந்திருந்தது. பிறகு படியில் நின்றவளைப் பார்த்தான். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தப்பு என்னோடதுதான் சார். மட்டம் தட்டும்போது மேல தண்ணி தெளிச்சுட்டேன்," என்றான்.

அப்படித் தெளித்தால் மேல்பரப்பு வலுவிழந்து தானாகவே உரியும். எந்தக் கொத்தனாரும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளாத தப்பு அது. இர்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெர்னர், நான் அப்போதே நினைத்தேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டு, காசு வாங்காமல் புதிதாகப் போட்டுத் தருவதாகத் துவார்த்தே சொன்னான். புதிது என்பதால் வருகிற குளிர்காலமும் உப்பு கூடாது என்று கூடவே சேர்த்துக்கொண்டான். பாவம், வாய்ப் பழக்கம்.

அந்தக் கவலையே வேண்டாம், போன தடவை மாதிரியே பார்த்துக்கொள்கிறோம் என்றான் வெர்னர்.

இன்னொரு குளிர்காலம். காப்பாற்ற வந்தவனே கதவைச் சாத்திவிட்டுப் போகப் போகிறான்.

"உடைக்க வேண்டாம். அது உப்புதான். நான்தான் போட்டேன்," என்றாள் இர்மா.

வெர்னர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. துவார்த்தேயைப் பார்த்துச் சிரித்தான்.

"இவளா? நவம்பர்லேர்ந்து வாசலைத் தாண்டலப்பா இவ. உனக்குப் பாவம் பாக்கிறா, அவ்வளவுதான்."

துவார்த்தே சிரிக்கவில்லை. இர்மாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். சொன்ன பிறகும் அதே படியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனை திரும்பிப் பேருந்து வந்தது.

முற்பகலில் வருகிற பேருந்து. அந்த நேரத்தில் வெர்னர் வீட்டில் இருந்ததே கிடையாது. அது வேகத்தைக் குறைத்து, நிறுத்தமே இல்லாத இடத்தில், அவர்கள் வீட்டு நடைபாதையின் முனையில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுகிற பெண், நெடுநாள் பழகியவள் போல இர்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

வெர்னரின் சிரிப்பு பாதியில் நின்றது.

குளிர்காலம் முழுக்க இர்மா வந்து நின்றது இந்தப் பேருந்துக்காகத்தான். ஒரு நாளும் ஏறியதில்லை. கதவு திறக்கும், வேண்டாம் என்று கையசைப்பாள், பேருந்து போய்விடும். ஏறச் சொல்லி அந்தப் பெண் வற்புறுத்தியதும் இல்லை, நிறுத்தாமல் போனதும் இல்லை.

துவார்த்தே எழுந்து பாதையை விட்டுப் புல்லில் இறங்கி நின்றான்.

பேருந்து காத்திருந்தது.

இந்தத் தடவை இர்மா வேண்டாம் என்று கையசைக்கவில்லை.